அறுபதுக்கு மேல் தனியாக ஸ்பெயின் போய் ஸ்பானிஷ் படிக்க: டெல்டாக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியோடு நிற்கும் நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்பார்கள், இல்லையென்றால் டூர் என்பார்கள். படிக்கப் போகிறேன் என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. "இந்த வயசுல தனியா எதுக்கும்மா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். தனியாகப் போனால்தான் மொழி வரும். கூட ஒரு தமிழர் இருந்தால் வகுப்பு முடிந்ததும் நாள் முழுக்கத் தமிழ்தான் பேசுவோம்.

1. முதல் ஆறு மாதம் வீட்டில்

ஒன்றுமே தெரியாமல் போய் இறங்காதீர்கள். அங்கே முதல் வாரம் சொல்லித்தருவதை இங்கே திண்ணையில் உட்கார்ந்தே படிக்கலாம். அந்த வாரத்துக்கு யூரோவில் பணம் கட்ட வேண்டாம். ஸ்பெயின் அரசின் செர்வாந்தேஸ் நிறுவனத்துக்கு டெல்லியில் கிளை இருக்கிறது. ஆன்லைன் பாடமும் நடத்துகிறார்கள். ஏ1 என்ற தொடக்க நிலையில் பாதி முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழி நன்றாகவே ஒத்துவரும். அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர் ஒலிகள், எழுதியபடியே படிக்கலாம். நாம் 'பேசுகிறேன், பேசுகிறாய்' என்று வினையின் கடைசியிலேயே ஆளைச் சொல்லிவிடுகிறோம். அவர்களும் 'ஆப்லோ, ஆப்லாஸ்' என்று அப்படியே சொல்கிறார்கள், 'நான்', 'நீ' தேவையில்லை. நீ, நீங்கள் என்பதற்கு 'து', 'உஸ்தெத்' உண்டு. ஆங்கிலேயர்கள் தடுமாறும் 'மே குஸ்தா எல் அர்ரோஸ்' நமக்குத் தடுமாற்றம் தராது: 'எனக்குச் சோறு பிடிக்கும்' என்பதே அதன் அமைப்பு.

இடிக்கும் இடமும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். இன்னொன்று, உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைத்துப் படிக்காதீர்கள். நம் 'ப' ஒன்றுதான். அவர்களுக்கு எடையைக் குறிக்கும் சொல்லும் (peso) முத்தத்தைக் குறிக்கும் சொல்லும் (beso) அந்த ஒரு ஒலியில்தான் வேறுபடுகின்றன. ரோமன் எழுத்திலேயே பழகுங்கள்.

2. ஊரைத் தேர்ந்தெடுப்பது

பலரும் மாட்ரித், பார்சலோனா என்பார்கள். பெரிய நகரம், செலவும் அதிகம். 1218-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள சலமான்கா சிறிய ஊர், நடந்தே சுற்றலாம், ஸ்பானிஷ் மட்டும்தான் காதில் விழும்.

ஆனாலும் டெல்டாவிலிருந்து போகிறவர்களுக்கு வலென்சியாவைத்தான் சொல்வேன். ஊருக்குத் தெற்கே அல்புஃபெரா ஏரியைச் சுற்றி நெல் வயல்கள். அதைவிட முக்கியம் தண்ணீர் நீதிமன்றம். ஒவ்வொரு வியாழனும் நண்பகல் 12 மணிக்குப் பேராலய வாசலில், தூரியா ஆற்றுப் பாசன வாய்க்கால்களின் பிரதிநிதிகள் கறுப்பு அங்கி போட்டு வட்டமாக உட்காருகிறார்கள். வழக்கறிஞர் கிடையாது, புகார், பதில், தீர்ப்பு எல்லாம் வாய்மொழிதான். 2009-இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தலைமடைக்கும் கடைமடைக்கும் நடக்கும் வழக்கு என்ன என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல வியாழன்களில் வழக்கே இருக்காது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். அப்போதும் போய் நில்லுங்கள். அங்கே பேசுவது வலென்சிய மொழி. ஊரின் பெயர்ப்பலகைகளிலும் அது இருக்கும். கடையிலும் வகுப்பிலும் ஸ்பானிஷ் தாராளமாகச் செல்லும்.

விவசாயக் குடும்பம் என்றால் சம்பா அறுவடை முடிந்து, குறுவைக்கு முன் கிடைக்கும் இடைவெளி தோது. மார்ச் நடுவில் ஃபயாஸ் திருவிழா: வெடிச்சத்தம், அறை வாடகை இரண்டும் ஏறும். ஏப்ரல், மே நல்லது.

3. பள்ளியும் தங்குமிடமும்

செர்வாந்தேஸ் அங்கீகாரம் உள்ள பள்ளியாகப் பாருங்கள். வாரம் 20 பாடம், காலையில் மட்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. நம் வயதுக்கு அது போதும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே தனி வகுப்பு வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. நான் பொது வகுப்பையே சொல்வேன், இளைஞர்கள் வேகமாகப் பேசுவது காதுக்கு நல்ல பயிற்சி.

தங்குவதற்கு ஒரு குடும்பத்தின் வீட்டைக் கேளுங்கள். சைவம் என்றால் அந்த ஒரு சொல் போதாது. 'இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், ஹமோன் வேண்டாம், முட்டை வேண்டாம்' என்று தனித்தனியாக எழுதி அனுப்புங்கள். பன்றித் தொடையை உப்பிட்டு உலர்த்திய ஹமோனை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் நேரத்தை மாற்றிக்கொள்வது பற்றி டாக்டரிடம் முன்பே கேளுங்கள்.

4. காகிதங்கள்

படிப்பு 90 நாளுக்குள் என்றால் ஷெங்கன் (ஸ்பெயின் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) குறுகிய கால விசா போதும். அதைத் தாண்டினால் மாணவர் விசா. குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக விடக்கூடாது. கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. பாஸ்போர்ட் 10 வருடத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பின் 3 மாதமாவது செல்லுபடியாவதாக இருக்க வேண்டும்.

நமக்கென்று உள்ள சிக்கல் இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பென்ஷன் புத்தகத்தில் ஒரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். டிக்கெட், காப்பீடு, பள்ளிக் கடிதம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே வரட்டும். திரும்பி வருவோம் என்பதற்குச் சான்றாகப் பென்ஷன் ஆவணம், சிட்டா வைக்கலாம். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணையுங்கள்.

காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பத்தியைக் கட்டாயம் படியுங்கள். பிரஷர், சர்க்கரை இருப்பதை மறைத்தால் அங்கே பணம் வராது.

5. கிளம்பும் முன்

மருந்துகளை மூலப்பெயர் எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருங்கள், பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் நவம்பரில் போனால் உயிர்வாழ் சான்றிதழை மறக்க வேண்டாம். அவசர எண் 112.

6. அங்கே போனபின்

முதல் நாள் தேர்வு வைத்து வகுப்பில் சேர்ப்பார்கள். வகுப்பு கடினமாக இருந்தால் முதல் வாரத்திலேயே கீழ்நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். 'மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்', அதாவது 'கொஞ்சம் மெதுவாக, தயவுசெய்து' என்பதைத் தயங்காமல் கேளுங்கள்.

மதியத்துக்கு மேல் தினம் ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். வலென்சியாவின் மத்திய சந்தைக்குப் போனால் அரிசிக் கடையில் 'போம்பா' என்ற குண்டு அரிசி இருக்கும். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எளிதில் உடையாது. கிலோ என்ன விலை, ஒரு பங்குக்கு எத்தனை பங்கு தண்ணீர், எந்த ஊர் வயலில் விளைந்தது என்று கேளுங்கள். அப்புறம் நம் ஊரில் என்ன ரகம் போடுகிறோம், மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று உங்கள் பங்குக்குச் சொல்லுங்கள். சந்தை மதியம் மூன்று மணிக்கு மூடிவிடும், ஆகவே வகுப்பு விட்டதும் நேரே போய்விடுங்கள்.