மனம் சோர்ந்த நாளில் பிலிப்பியர் நிருபம்

மனம் சோர்ந்திருக்கும் நாளில், வேதாகமத்தில் பிலிப்பி பட்டணத்து விசுவாசிகளுக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதமான பிலிப்பியர் நிருபத்தை ஒரே மூச்சில், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். 4 அதிகாரங்கள், 104 வசனங்கள்தான்; கால் மணி நேரம் போதும். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். ‘சந்தோஷம்’, ‘மகிழ்ச்சி’ என்று வரும் இடமெல்லாம் அடிக்கோடிடுங்கள். என் வேதாகமத்தில் அந்தப் பக்கங்கள் கோடுகளால் நிறைந்திருக்கின்றன.

இதைப் பவுல் எழுதியது காவலில் கட்டுண்டிருந்தபோது. அதற்கு முன்பே, அதே பிலிப்பி பட்டணத்துச் சிறையில், அடிபட்ட உடலோடும் தொழுமரத்தில் மாட்டிய கால்களோடும், நடு இரவில் உடன் ஊழியர் சீலாவுடன் சேர்ந்து துதித்துப் பாடியவர் அவர். சூழ்நிலை துளியும் மாறாதபோதே, கிறிஸ்து உடனிருக்கிறார் என்ற நிச்சயம் அவரைப் பாட வைத்தது.

பிறகு 4-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனத்துக்கு வாருங்கள். கவலைப்படாமல், விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடு, அதாவது நன்றியோடு, தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது அந்த வசனம். நம்மில் பலரும் விண்ணப்பத்தோடு நிறுத்திவிடுகிறோம், ஸ்தோத்திரம் விட்டுப்போகிறது. ஆகவே ஒரு நோட்டில் இடப்பக்கம் கவலையை எழுதுங்கள். வலப்பக்கம், அதே விஷயத்தில் நன்றி சொல்ல ஒன்றையாவது தேடி எழுதுங்கள். அம்மாவின் ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருந்த இரவில், “இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்” என்று மட்டும்தான் என்னால் எழுத முடிந்தது. அதைச் சொல்லி ஜெபித்த பிறகுதான் தூக்கம் வந்தது.