ஆர்டர் எங்க நிக்குதுன்னு உடனே தெரியணுமா? காஃப்கா + கிளிக்ஹவுஸ் + கிராஃபானா செட்டப், ஸ்டெப் பை ஸ்டெப்

சர்வர் கிராஃப் எல்லாம் பச்சையா இருக்கும், சிபியு ஓகே, மெமரி ஓகே, ஆனா அரை மணி நேரமா ஒரு ஆர்டருக்கு கூட பணம் வந்திருக்காது. எந்த மெஷினும் சாகலங்கறதால சர்வர் மானிட்டரிங் இத சொல்லவே சொல்லாது. பிஸினஸ் ஆக்டிவிட்டி மானிட்டரிங் தேவைப்படுறது இங்கதான்: மெஷின விட்டுட்டு ஆர்டர், பேமெண்ட், டெலிவரின்னு வேலை எந்த கட்டத்துல நிக்குதுன்னு பாக்குறது. நடந்தத எண்ணுறது ஈஸி, நடந்திருக்க வேண்டியது நடக்கலன்னு கண்டுபிடிக்கிறதுதான் விஷயமே. அத மனசுல வெச்சுதான் கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பும். யாரு என்ன பண்ணுவாங்கன்னா: காஃப்கா ஈவென்ட்ட (நடந்த ஒவ்வொரு விஷயத்தோட பதிவு) வாங்கி வரிசையா வெக்கும், கிளிக்ஹவுஸ் அத டேபிள்ல வெச்சு கேள்விக்கு பதில் சொல்லும், கிராஃபானா அத பேனலாவும் அலர்ட்டாவும் காட்டும்.

ஏன் இந்த மூணு டூல்

முன்னாடி டபிள்யூஎஸ்ஓ2 பிஸினஸ் ஆக்டிவிட்டி மானிட்டர் மாதிரி ஓப்பன் சோர்ஸ் டூல்ல ஈவென்ட்ட காசாண்ட்ரா டேட்டாபேஸ்ல கொட்டி, ஹைவ்னு ஒரு டூல் வெச்சு அப்பறமா மொத்தமா கணக்கு போடுவாங்க, ரிசல்ட் வர்றதுக்குள்ள பிரச்சனை பழசாயிடும். இப்ப ஈவென்ட் வர வரவே கேள்வி கேக்கலாம். ட்ரூயிடும் (கிளிக்ஹவுஸ் மாதிரி இன்னொரு டேட்டாபேஸ்) நல்ல டூல்தான், ஆனா கோஆர்டினேட்டர், புரோக்கர், ஹிஸ்டாரிக்கல்னு அத்தன ப்ராசஸ் ஓடணும், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். கிளிக்ஹவுஸ் ஒரே பைனரி, யாண்டெக்ஸ்ல வெப் அனலிடிக்ஸுக்காக பொறந்து 2016-ல ஓப்பன் சோர்ஸ் ஆனது, கோடிக்கணக்குல ரோ இருந்தாலும் அசராது. ஃபிளிங்க் (ஈவென்ட் ஓடிட்டு இருக்கும்போதே கணக்கு போடுற டூல்) இப்போதைக்கு வேண்டவே வேண்டாம், தேவை வந்தா அப்பறம் சேத்துக்கலாம்.

லைசென்ஸ் கேக்குறவங்களுக்கு: காஃப்காவும் கிளிக்ஹவுஸும் அப்பாச்சி 2.0, கிராஃபானா 2021-ல இருந்து ஏஜிபிஎல்.

ஸ்டெப் 1: ஈவென்ட் எப்படி இருக்கணும்

டாக்கர் கம்போஸ்ல (பல கன்டெய்னர ஒரே ஃபைல் வெச்சு ஓட்டுற டூல்) மூணையும் ஏத்திட்டீங்கன்னு வெச்சுக்கறேன். முதல்ல ஜூக்கீப்பர (காஃப்கா சர்வர ஒருங்கிணைக்க முன்னாடி தேவைப்பட்ட தனி புரோகிராம்) ஓட்டுன்னு சொல்ற பழைய கைடு எதையும் பாக்காதீங்க, 2025-ல வந்த காஃப்கா 4.0-ல ஜூக்கீப்பரே கிடையாது.

ஒவ்வொரு ஈவென்ட்டும் ஒரு ஜேசன் லைன், அஞ்சு ஃபீல்டு போதும்: ஈவென்ட் ஐடி, ஆர்டர் ஐடி, ஸ்டெப் பேரு, நேரம், தொகை. காஃப்காவுக்கு அனுப்பும்போது ஆர்டர் ஐடியவே கீயா குடுங்க, அப்பதான் ஒரு ஆர்டரோட ஈவென்ட் எல்லாம் ஒரே பார்ட்டிஷனுக்கு (காஃப்கா ஈவென்ட்ட பிரிச்சு வெக்கிற வரிசைகள்ல ஒண்ணு) போயி வரிசை மாறாம இருக்கும். தொகைக்கு கிளிக்ஹவுஸ்ல டெசிமல் டைப் வைங்க, ஃப்ளோட் வேண்டாம்.

நேரத்த எழுத்தா அனுப்பாதீங்க, யூடிசி மில்லிசெகண்ட் நம்பரா அனுப்புங்க, டைம்ஸோன் சண்டையே வராது. ஏதாவது ஒரு சர்வீஸ் மட்டும் மில்லிசெகண்டுக்கு பதிலா செகண்ட்ல அனுப்புச்சுன்னா அந்த ஈவென்ட் எல்லாம் 1970 ஜனவரி மூணாவது வாரத்துல போய் உக்காந்திருக்கும், கிராஃபானால ஒண்ணுமே தெரியாது, ஆனா டேபிள்ல ரோ எண்ணிக்கை மட்டும் ஏறிட்டே இருக்கும். எண்ணிக்கை ஏறுது, பேனல் காலின்னா முதல்ல குறைஞ்சபட்ச நேரம் என்னன்னு ஒரு குவெரி போட்டு பாருங்க.

ஸ்டெப் 2: காஃப்கா அட்ரஸ்

இந்த ஸ்டெப் என்னையும் ரொம்ப நேரம் புடிச்சு வெச்சுது. கிளிக்ஹவுஸ் கன்டெய்னர் காஃப்காவ தொடும், முதல் கனெக்‌ஷன் ஓகே ஆகும், அதனால நெட்வொர்க் சரின்னு முடிவு பண்ணிடுவோம். ஆனா காஃப்கா அந்த முதல் பதில்லயே "இனிமே என்னை இந்த அட்ரஸ்ல பாரு"ன்னு அட்வர்டைஸ்டு லிசனர்ல இருக்கற அட்ரஸ திருப்பி குடுக்கும். அது லோக்கல்ஹோஸ்ட் 9092-ன்னு இருந்தா, கிளிக்ஹவுஸ் கன்டெய்னருக்கு லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கன்டெய்னரேதான், காஃப்கா இல்ல! தனக்குள்ளயே தேடிட்டு டைம்அவுட் ஆகும்.

ரெண்டு லிசனர் வைங்க. உள்ள இருக்கற கன்டெய்னருக்கு கம்போஸ் ஃபைல்ல இருக்கற சர்வீஸ் பேரு, போர்ட் 29092. உங்க லேப்டாப்ல இருந்து டெஸ்ட் பண்ண லோக்கல்ஹோஸ்ட் 9092. அட்வர்டைஸ்டு லிசனர்ல ரெண்டையும் தனித்தனி பேர்ல எழுதணும்.

ஸ்டெப் 3: கிளிக்ஹவுஸ்ல மூணு பொருள்

இந்த வரிசையில உருவாக்குங்க:

1. டேட்டா நெஜமா தங்குற டேபிள், ரீப்ளேஸிங் மெர்ஜ்ட்ரீ என்ஜின், ஆர்டர் பை-ல ஆர்டர் ஐடி, ஸ்டெப், ஈவென்ட் ஐடி.
2. காஃப்கா என்ஜின் டேபிள், டாபிக் (காஃப்காவுல ஈவென்ட் போய் சேர்ற எடம்) பேரு, கன்ஸ்யூமர் குரூப் (எது வரைக்கும் படிச்சோம்னு காஃப்கா நினைவு வெக்கிற பேரு) பேரு, ஃபார்மட் ஜேசன் ஈச் ரோ.
3. ரெண்டையும் இணைக்கிற மெட்டீரியலைஸ்டு வியூ (ரெண்டாவதுல வர்றத தானா முதல்ல எழுதுற குவெரி). மில்லிசெகண்ட தேதியா மாத்துறது இங்கதான்.

பேர்ல டேபிள்னு இருந்தாலும் ரெண்டாவது டேட்டா வெக்கிற எடம் கிடையாது, காஃப்காவுல இருந்து படிக்கிற ஒரு கன்ஸ்யூமர், அவ்வளவுதான். அதுல நேரா செலக்ட் போட்டா கிளிக்ஹவுஸ் மறுக்கும். அத அனுமதிக்க ஒரு செட்டிங் இருக்கு, ஆனா தொடாதீங்க, எப்பவும் முதல் டேபிள்லயே கேளுங்க. வியூ போட்ட உடனே ரோ வரலன்னு பதறவும் வேணாம், மெசேஜ சேத்து சேத்துதான் எழுதும், டிஃபால்ட்ல 7.5 செகண்ட் வரைக்கும் ஆகலாம். அதுக்கு மேலயும் வரலன்னா சிஸ்டம் டேட்டாபேஸ்ல காஃப்கா கன்ஸ்யூமர்ஸ்னு ஒரு டேபிள் இருக்கு, எர்ரர் அங்க அப்படியே தெரியும்.

இன்னொண்ணு, இந்த வழியில ஒரே மெசேஜ் ரெண்டு தடவை வர வாய்ப்பிருக்கு. ரீப்ளேஸிங் மெர்ஜ்ட்ரீ டூப்ளிகேட்ட தூக்கும், ஆனா பின்னணியில மெர்ஜ் நடக்கும்போதுதான், அது எப்பன்னு சொல்ல முடியாது. அதனால எண்ணும்போது ரோவ எண்ணாம யூனிக் ஈவென்ட் ஐடிய எண்ணுங்க, தொகை கூட்டும்போது குவெரில ஃபைனல்னு (படிக்கும்போதே டூப்ளிகேட்ட தூக்குற கீவேர்டு) சேத்துக்கோங்க.

ஸ்டெப் 4: நடக்காதத கேக்குற குவெரி

ஒரு ஆர்டர் 10:02-க்கு வந்துச்சு, 10:03-க்கு பணம் வந்துச்சு, பேக்கிங் ஈவென்ட் இல்லவே இல்ல. இப்ப மணி 10:40. "பேக்கிங் ஆகல"ன்னு யாரும் ஈவென்ட் அனுப்ப மாட்டாங்க இல்லயா, அந்த இல்லாமையதான் புடிக்கணும்.

ஆர்டர் ஐடி வெச்சு குரூப் பை, ஹேவிங்ல மூணு கண்டிஷன்: பணம் வந்த ஈவென்ட் குறைஞ்சது ஒண்ணு, பேக்கிங் ஈவென்ட் பூஜ்யம், பணம் வந்த நேரம் இப்ப இருந்து 30 நிமிஷத்துக்கு முன்னாடி. கவுன்ட் இஃப், மின் இஃப் ரெண்டு ஃபங்ஷன்லயே முடிஞ்சிடும். கடைசி ரெண்டு நாள்னு ஒரு வேர் (WHERE) கண்டிஷனும் போடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் மொத்த வரலாறையும் படிக்கும். டேபிள்ல நாள் வாரியா பார்ட்டிஷன் இருந்தா இந்த கண்டிஷனுக்கு இன்னும் பலன் ஜாஸ்தி.

ஸ்டெப் 5: கிராஃபானா

கிளிக்ஹவுஸ் ப்ளகின் போட்டு கனெக்ட் பண்ணுங்க (நேட்டிவ் போர்ட் 9000, எச்டிடிபின்னா 8123). பேனல் அழகு எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம், முதல்ல அலர்ட். மேல சொன்ன குவெரிய உள்ள வெச்சு வெளிய ஒரு கவுன்ட் போடுங்க. சிக்குன ஆர்டர் இல்லன்னா ரோவே வராம போறதுக்கு பதிலா 0-ன்னு வரும், இப்ப "நோ டேட்டா" வந்தா அது நெஜமாவே கனெக்‌ஷன் போச்சுன்னு அர்த்தம். நோ டேட்டாவுக்கும் அலர்ட் அடிக்கணும்னு செட் பண்ணிடுங்க.

அப்டேட்: படிச்சவங்க ரெண்டு விஷயம் கேட்டாங்க, முக்கியமானது.

ஒரே ஒரு ஒடஞ்ச ஜேசன் வந்து மொத்தமும் நின்னுடுச்சுன்னா காஃப்கா டேபிள்ல எர்ரர் மோட ஸ்ட்ரீம்னு மாத்துங்க. கெட்ட மெசேஜும் எர்ரரும் தனித்தனி காலம்ல (column) வரும், இன்னொரு வியூ போட்டு அத தனி டேபிளுக்கு அனுப்புங்க, மெயின் வியூல எர்ரர் காலம் காலியா இருக்கற ரோவ மட்டும் எடுங்க.

புது ஃபீல்டு சேக்கணும்னா காஃப்கா டேபிள ஆல்டர் பண்ண முடியாது. முதல்ல வியூவ ட்ராப் பண்ணுங்க, அப்பறம் காஃப்கா டேபிள். மெயின் டேபிள்ல காலம் சேத்துட்டு, அதே குரூப் பேர்ல காஃப்கா டேபிளையும் வியூவையும் திரும்ப உருவாக்குங்க, விட்ட எடத்துல இருந்து தொடரும். குரூப் பேர மாத்துனா காஃப்காவுல மிச்சம் இருக்கற எல்லாத்தையும், டிஃபால்ட்டா 7 நாள் டேட்டா, முதல்ல இருந்து படிக்கும். பழைய ஈவென்ட்டுக்கும் அந்த ஃபீல்டு வேணும்னா மட்டும் அப்படி பண்ணுங்க.