பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டிஎன்இஏ விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது எப்படி?

உங்கள் தெருவில் இன்ஜினியரிங் முடித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் உங்கள் வீட்டுக் கதவு கண்டிப்பாகத் தட்டப்படும். "தம்பி, நல்ல காலேஜா பாத்துப் போட்டுக் குடுப்பா" என்று ஒரு அம்மா மார்க் ஷீட்டோடு நிற்பார். பிள்ளை அவருக்குப் பின்னால் பேசாமல் நிற்கும். முதல் முறையாக இப்படி உதவப் போகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

டிஎன்இஏ என்பது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை, அதாவது தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.இ., பி.டெக். இடங்களுக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. இது 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. 2019 முதல் அதை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. படிவத்தை நிரப்புவது ஒரு மணி நேர வேலை. கடைசியில் வரும் கல்லூரிப் பட்டியலில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஐந்தாம் படிக்கு ஒதுக்கி வையுங்கள்.

படி 1: போன் எண்ணும் மின்னஞ்சலும்

கணக்கு தொடங்கும்போது கொடுக்கும் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும், கடைசி வரை எல்லாத் தகவலும் வரும். பிரவுசிங் சென்டரில் அவசரத்துக்கு அவர்கள் எண்ணையே போட்டுவிடுகிறார்கள். பிறகு ஜூலையில் பாஸ்வேர்டு மறந்துபோனால் அந்தக் கடையைத் தேடி ஓட வேண்டும். வீட்டில் எப்போதும் ரீசார்ஜ் ஆகி இருக்கும் எண் எது என்று கேட்டு அதைக் கொடுங்கள். பிள்ளை பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்குங்கள். பாஸ்வேர்டைப் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

"உங்க ஐடி, பாஸ்வேர்டு குடுங்க, சாய்ஸ் நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம்" என்று போன் வரும். கல்லூரிக்கு ஆள் பிடிப்பவர்கள் இவர்கள். கொடுத்தால் பட்டியலில் முதல் இடத்தில் எந்தக் கல்லூரி ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் போனை எடுக்கும் எல்லோரிடமும், தாத்தா உட்பட, இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 2: சான்றிதழ்கள்

ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஏப்ரலிலேயே தொடங்கலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயரும் இனிஷியலும் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருப்பதும் சகஜம். எழுத்தே மாறியிருந்தால் இப்போதே திருத்தத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் இ-சேவை மையத்தில் டிஜிட்டல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்தவருக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டியதில்லை. இது தெரியாமல் தாலுகா ஆபீஸுக்கு வீணாக அலைகிறவர்கள் நிறைய.

முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. குடும்பத்தில் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. சான்றிதழோடு கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலுக்கு இது 2021 முதல் நடைமுறையில் உள்ளது. இதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் வராது. எந்த வகுப்பு எந்தப் பள்ளி என்று ஆண்டு வாரியாக ஒரு தாளில் எழுதி, தலைமையாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடையில் ஓர் ஆண்டு உறவினர் வீட்டில் தங்கித் தனியார் பள்ளியில் படித்ததெல்லாம் இப்போதுதான் வெளியே வரும்.

படி 3: படிவம்

இது எளிது. பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250. சான்றிதழ்களைக் கலரில், நான்கு மூலையும் தெரிய ஸ்கேன் செய்து ஏற்றுங்கள். விளையாட்டு, மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் ஆகிய சிறப்புப் பிரிவுகளுக்குத் தனிக் கட்டம் உண்டு, அதை டிக் செய்யத் தவறாதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால் மாவட்டந்தோறும் இருக்கும் டிஎன்இஏ உதவி மையத்துக்குப் போகலாம், அங்கே உதவிக்குக் காசு கிடையாது. சமர்ப்பிக்கும் முன் பிள்ளையை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறந்த தேதித் தவறு அப்போதுதான் மாட்டும்.

படி 4: கட்-ஆஃப், தரவரிசை

தரவரிசைக்காக மூன்று பாட மதிப்பெண்களைச் சேர்த்துப் போடும் கணக்குதான் கட்-ஆஃப். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக மொத்தம் 200. கணிதத்தில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 82 வாங்கியிருந்தால் 88 + 38 + 41 = 167. ஒரே கட்-ஆஃப் இருவருக்கு வந்தால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை, அதுவும் ஒன்றானால் விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் தரும் ரேண்டம் எண். ரேண்டம் எண் வந்த அன்று "என்னோடது சின்ன நம்பர், இடம் கிடைக்காதா அண்ணா?" என்று சில பிள்ளைகள் அழுதேவிடும். அந்த எண் பயன்படுவது மிக அரிது என்று சொல்லித் தேற்றுங்கள்.

தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொது ரேங்க், சமூகப் பிரிவு ரேங்க் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் முறையிடச் சில நாட்கள்தான் தருவார்கள்.

படி 5: சாய்ஸ் ஃபில்லிங்

வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசையாகப் பட்டியல் போட்டுக் கொடுப்பதுதான் சாய்ஸ் ஃபில்லிங். பிள்ளையின் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் அவர் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும். நடப்பது இவ்வளவுதான்.

இதனால் கிடைக்கவே கிடைக்காத கல்லூரியை முதலில் போடுவதால் ஒரு நஷ்டமும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டதற்காக யாரும் நம்மை இறக்கிவிடுவதில்லை. 167 வாங்கிய பிள்ளை கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியை முதல் வரியில் வைக்கலாம், கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் இரண்டாம் வரிக்குப் போகும். "நம்ம மார்க்குக்கு எது கிடைக்குமோ அதை மேலே போடு" என்ற அறிவுரைதான் ஆபத்து. அப்படிப் போட்டால், கீழே நல்ல கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் கம்ப்யூட்டர் அதுவரை போகாது. பட்டியலின் வரிசை பிள்ளையின் ஆசைப்படி மட்டும் இருக்கட்டும்.

எதையெல்லாம் சேர்ப்பது என்பதற்குத்தான் முந்தைய ஆண்டு கட்-ஆஃப் வேண்டும். டிஎன்இஏ தளத்திலேயே கல்லூரி, பாடப்பிரிவு, சமூகம் வாரியாகக் கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிசி, எம்பிசி, எஸ்சி பிள்ளைகளும் பொதுப் போட்டி இடங்களுக்குத் தகுதியானவர்களே, ஆகவே பொதுப் பிரிவு, சமூகப் பிரிவு இரண்டின் கட்-ஆஃபையும் பாருங்கள். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. பத்துக் கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். ஐம்பது, அறுபது வரி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் கிடைத்தாலும் போகப்போவதில்லை என்கிற கல்லூரி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது.

பட்டியலை முதலில் தாளில் எழுதுங்கள். பெயரை நம்பாதீர்கள், கல்லூரியின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் வேறு வேறு மாவட்டங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. கிண்டிக்கு 1, குரோம்பேட்டை எம்ஐடிக்கு 4, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரிக்கு (ஜிசிடி) 2005, பிஎஸ்ஜி டெக்குக்கு 2006 என்பது போல ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒரே கல்லூரியில் ஒரே பாடம் இரண்டு முறை வந்து, ஒன்றின் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். அப்பாவிடம் கட்டணத்தைச் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

கல்லூரியின் தரத்தைப் பார்க்க அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியல் ஓரளவு உதவும். தன்னாட்சிக் கல்லூரிகள் சொந்தமாகத் தேர்வு நடத்துவதால் அவற்றை இதை வைத்து ஒப்பிட முடியாது. பிளேஸ்மென்ட் பேனர்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதைவிட அங்கே படிக்கும் இரண்டு பேரிடம் லேப் திறந்திருக்கிறதா, பஸ் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

கல்லூரியா, பாடமா என்ற சண்டை வீட்டில் வந்தே தீரும். மாமா "கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லேன்னா வேஸ்ட்" என்பார். அந்த இடத்தில் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மாமா போன பிறகு பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள்.

படி 6: இடம் வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஐந்து வாய்ப்புகள் திரையில் வரும். ஏற்றுச் சேருவது, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பது, இதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது, கலந்தாய்வின் அடுத்த சுற்றுக்குப் போவது, கலந்தாய்விலிருந்தே விலகுவது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதல் இரண்டும் போதும். இரண்டாவதில் மேலே உள்ள இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். காத்திருப்பது என்பது உங்கள் பட்டியலில் அதற்கு மேலே இருக்கும் வரிகளுக்கு மட்டுமே. ஐந்தாம் படியில் வரிசையைத் தப்பாகப் போட்டிருந்தால் இங்கே சரிசெய்ய வழியில்லை. முடிவு சொல்ல இரண்டு நாள்தான் தருவார்கள், எதையும் தேர்வு செய்யாமல் விட்டால் இடம் கைநழுவும். அந்த இரண்டு நாளும் குலதெய்வம் கோயிலுக்குப் போகாமல் போனோடு வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.

எந்தச் சுற்றிலும் இடம் வராவிட்டால், உடனடித் துணைத் தேர்வில் தேறியவர்களையும் சேர்த்து நடக்கும் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. அதற்குத் தனியாகப் பதிய வேண்டும்.

சேரும் நாளில் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் நான்கைந்து நகல் எடுத்து, ஸ்கேனையும் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரி வழியாக அதற்கு விண்ணப்பிக்கும்போது நகல்கள் மறுபடி வேண்டும். பிள்ளை பெயரில் ஆதார் இணைந்த வங்கிக் கணக்கும் இருக்க வேண்டும்.