தொல்விலங்குகளை எந்தப் பெயரால் எழுதுவது?

அழிந்துபோன ஒரு விலங்கைப் பற்றி எழுதும்போது, வழக்குப் பெயரா அறிவியல் பெயரா என்று முடிவு செய்வதற்கு முன், கையில் உள்ள பெயர் ஒரு சிற்றினத்தைக் குறிக்கிறதா, நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்த பேரினத்தைக் குறிக்கிறதா, பெரிய குழு ஒன்றையே குறிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ‘மாமூத்’ என்பது மம்முத்தஸ் பேரினம் முழுவதற்குமான பெயர். ‘கம்பளி மாமூத்’ என்றால் மம்முத்தஸ் பிரிமிஜீனியஸ் என்னும் ஒரே சிற்றினம். இரண்டும் இவ்வளவு சரியாகப் பொருந்துவதால், பொது வாசகருக்கு வழக்குப் பெயரே போதும். டெரோடாக்டைல் அப்படியன்று. டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வன அனைத்தையும் அப்பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டாலும், டெரோடாக்டைலஸ் அவற்றுள் ஒரு பேரினம் மட்டுமே. பின்தலையில் கொண்டை நீண்ட டெரனோடான் வேறொன்று. குழுவைச் சொல்ல ‘டெரோசார்’ என்று எழுதுங்கள். அவற்றை டைனோசர்களோடு சேர்த்துவிடாதீர்கள்.

இல்லாத உறவைச் சொல்லும் வழக்குப் பெயர்களில் கூடுதல் கவனம் தேவை. வாள்பல் புலி எனப்படும் ஸ்மைலோடான் புலியின் மூதாதை அன்று. பூனைக் குடும்பத்தில் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்து, வழித்தோன்றல் இல்லாமல் அற்றுப்போன கிளையைச் சேர்ந்தது. ‘வாள்பல் பூனை’ என்பது அதைவிட நேர்மையான பெயர் என்றாலும், அத்தகைய பற்கள் பூனைகளில் மட்டுமே தோன்றவில்லை; தென்னமெரிக்காவில் வாழ்ந்த தைலகோஸ்மைலஸ், கங்காரு போன்ற பைம்மாவினங்களுக்கு நெருங்கிய உறவுடையது. ஆகவே முதல் குறிப்பில் ‘வாள்பல் பூனையான ஸ்மைலோடான்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதி, அதன்பின் ஒன்றையே கடைசிவரை பின்பற்றுவது நல்லது.

அறிவியல் பெயர் என்பதாலேயே அது விலங்கைச் சரியாக வருணிக்கும் என்று நம்பிவிடவும் கூடாது. பசிலோசாரஸ் என்ற பெயர் ஊர்வன என்று எண்ணிச் சூட்டப்பட்டது. அது ஒரு திமிங்கிலம் என்று பின்னர் தெரிந்தும், முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்ற விதியால் நிலைத்துவிட்டது.

அடுத்து, பெயர் இன்றும் ஏற்கப்படுகிறதா என்று பாருங்கள். 1903இல் அபடோசாரஸுக்குள் அடக்கப்பட்ட பிரான்டோசாரஸ், 2015இல் வெளியான ஆய்வொன்றால் தனிப் பேரினமாக மீண்டது. கேனிஸ் டைரஸ் எனப்பட்ட டயர் ஓநாய், 2021இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பின் ஈனோசயான் டைரஸ் என்று வழங்கப்படுகிறது. மெகலோடான் சுறா விஷயத்தில் நிலைமை தலைகீழ்: கார்கரோடான் என்றும் ஒட்டோடஸ் என்றும் பேரினம் மாறிக்கொண்டிருக்க, வழக்கில் புழங்கும் ‘மெகலோடான்’ என்ற சிற்றினச் சொல்லே உறுதியாக நிற்கிறது. இத்தகைய இடங்களில் வழக்குப் பெயரை ஆள்வதில் எந்தக் குறையும் இல்லை.

இருசொற் பெயரை எழுதும்போது பேரினம் முதலிலும் சிற்றினம் அடுத்தும் வரும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாததால் இந்த வரிசையே வாசகருக்கு ஒரே அடையாளம். முதல்முறை முழுப்பெயரை எழுதியபின் பேரினத்தை அதன் ஆங்கில முதலெழுத்தாகச் சுருக்கலாம் என்றாலும், டைரனோசாரஸ், டைனோனிக்கஸ் இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் T, D இரண்டும் தமிழில் ‘டி’ ஆவதால், ‘டி.’ என்ற சுருக்கம் இரண்டுக்கும் பொருந்திவிடும். அங்கே முழுப்பெயரையே எழுதுங்கள். கிடைத்த புதைபடிவத்தின் சிற்றினம் உறுதியாகவில்லையென்றால், பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.