பரோக் ஓவியத்தைச் சுத்தம் செய்யுமுன்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது

பரோக், அதாவது 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய எண்ணெய் ஓவியம் மேசைக்கு வந்ததுமே பஞ்சுக் குச்சியைத் தேட வேண்டாம். தொடாமல் பார்க்கும் சோதனைகளை முதலில் முடியுங்கள், வண்ணத் துணுக்கைப் பெயர்த்தெடுப்பது கடைசி.

அறையை இருட்டாக்கி, விளக்கைப் பக்கவாட்டில் 10 டிகிரி அளவில் தாழ்த்தி, நான்கு பக்கமிருந்தும் படமெடுங்கள். உரியும் வண்ணம், கேன்வாஸின் புடைப்பு எல்லாம் நிழலாகத் தெரியும். இத்தாலிய ஓவியர் கரவாஜியோ, வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு ஈரமாக இருக்கையில் அதில் கீறிய கோடுகளும் இப்படித்தான் தெரிகின்றன. வண்ணம் உரிகிறதென்றால் படத்தை நிமிர்த்தாதீர்கள். முதலில் அதைப் பதியவைக்க வேண்டும்.

அடுத்து 365 நானோமீட்டர் புற ஊதா. ஓவியத்தைக் காக்க மேலே பூசிய பழைய பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலத்தில் தொட்டுத் தீட்டிய இடம் கருந்திட்டாகத் தெரியும். ஆனால் தடித்த வார்னிஷுக்கு அடியில் கிடக்கும் பழைய தீட்டல் தெரியாது. கருந்திட்டு இல்லை என்பதால் படம் சுத்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

அகச்சிவப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்ணத்துக்கு அடியில் ஓவியர் முதலில் வரைந்த கரிக்கோடு தெரிய அதன் பின்னால் வெளிர் அடிப்பூச்சு வேண்டும். பரோக் ஓவியர்கள் பலர் பழுப்பு அடிப்பூச்சின் மேல் மண்நிறத் தூரிகையால் வரைந்தார்கள். அந்தக் கோடு அகச்சிவப்பில் கரைந்துபோகும். எக்ஸ்ரேயில் ஈயவெள்ளை (ஈயம் கலந்த வெள்ளை நிறமி) பளிச்சிடுவதால், மாற்றி வரைந்த உருவங்கள் அங்கே கிடைக்கும்.

எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி, நிறமியில் உள்ள தனிமங்களை அவை திருப்பி வீசும் எக்ஸ்ரேயின் ஆற்றலை வைத்துச் சொல்லும், எந்த அடுக்கில் என்று சொல்லாது. டைட்டானியம் நிறையக் கண்டால் அது 20ஆம் நூற்றாண்டுத் தீட்டலாக இருக்கலாம், ஆனால் மண்நிறங்களிலும் அது சிறிதளவு இருக்கும். ஸ்மால்ட் என்னும் நீலக் கண்ணாடித் தூளில் கோபால்ட்டோடு பெரும்பாலும் ஆர்சனிக்கும் இருக்கும், ஆனால் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஈயத்தின் கோடும் ஆர்சனிக்கின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 11.7இல் உள்ள ஆர்சனிக்கின் இரண்டாம் கோட்டைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கேள்வி மிச்சமிருந்தால் மட்டும், ஏற்கெனவே பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் அரை மில்லிமீட்டருக்குக் குறைவான துணுக்கு எடுத்து, ரெசினில் பதித்து, தண்ணீரில்லாமல் தேயுங்கள். தண்ணீர் பட்டால் பசை அடுக்கு வீங்கும். நுண்ணோக்கியில் இரு வண்ணங்களுக்கு நடுவே வார்னிஷோ அழுக்கோ இருந்தால், மேலுள்ளது வெகுகாலம் கழித்து வந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள, டச்சு ஓவியர் வெர்மீரின் கடிதம் படிக்கும் பெண் படத்தில், பின்னணிச் சுவரின் வண்ணத்துக்கு அடியில் கியூபிட் (காதல் தேவன்) உருவம் மறைந்திருப்பதை எக்ஸ்ரே 1979இலேயே காட்டியது. வெர்மீரே மூடியிருப்பார் என்றுதான் நினைத்தார்கள். 2017இல் தொடங்கிய சீரமைப்பில், நடுவே இருந்த வார்னிஷும் அழுக்கும்தான் அது வேறொருவர் கைவேலை என்று காட்டின. அதன் பிறகே மேற்பூச்சை நுண்ணோக்கியின் கீழ் ஸ்கால்பெல்லால் (அறுவைக் கத்தியால்) சுரண்டி எடுத்தார்கள்.