நகரும் வெள்ளணுவைப் படிக்கும்போது இடறும் இடங்கள்

பாக்டீரியாவைத் துரத்தும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுவை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. முன்பக்கம் தகடு மாதிரி விரியும். பின்பக்கம் சுருங்கி இழுபட்டு வரும். செல்லின் சட்டகமான ஆக்டின் புரத இழைகளை எங்கே கட்டுவது, எங்கே இறுக்குவது என்று சொல்பவை ராக், ரோ போன்ற நொதிகள்.

முதல் தடுமாற்றம் 'நொதி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. வினை நடந்தால்தான் நொதிக்கு வேலை என்று பழகியிருக்கிறோம். ராக் அப்படியில்லை. குவானோசின் ட்ரைபாஸ்பேட் என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருக்கும் வரைதான் அதன் கட்டளை செல்லும். அதை உடைத்ததும் அணைந்துவிடும்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தவறு: 'ராக் கூடினால் செல் வேகமாக ஓடும்' என்று எழுதுவது. செல் முழுக்க ராக் அணையாமல் இருந்தால் சவ்வு எல்லாப் பக்கமும் விரியும். போகும் திசை தொலைந்துவிடும். அளவைவிட இடம் முக்கியம். முன்பக்கம் ராக் வேவ் புரதக் கூட்டைத் தூண்டும், அது கிளை முளைக்கவைக்கும் ஆர்ப்2/3 என்ற புரதக் கூட்டை எழுப்பும், பழைய இழையின் பக்கவாட்டில் சுமார் 70 டிகிரி கோணத்தில் புதுக் கிளை முளைக்கும். பின்பக்கம் ரோ, தன் கட்டளைக்கு இயங்கும் கினேஸ் என்ற நொதி வழியாக, ஆக்டினை இழுக்கும் மயோசின் புரதத்தை இறுக்கும். அந்தக் கினேஸைத் தடுக்கும் ஒய்-27632 மருந்தை மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளணுவுக்குக் கொடுத்துப் பாருங்கள்: முன்பக்கம் நகரும், வால் மட்டும் தரையை விடாமல் நீண்டுகொண்டே போகும். செல்களை மொத்தமாக அரைத்து ராக்கை அளந்தால் இந்த முன்-பின் வித்தியாசம் கண்ணிலேயே படாது.

ரோ தூண்டினால் உருவாகும் என்று 1992-இல் ஆய்வாளர்கள் ரிட்லியும் ஹாலும் காட்டிய தடித்த ஆக்டின் கற்றைகளை வெள்ளணுவிலும் தேடுகிறவர்கள் உண்டு. ரிட்லியும் ஹாலும் பார்த்தது ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல். வேகமாக ஓடும் நியூட்ரோபிலில் அந்தக் கற்றைகள் கிடையாது.

அப்புறம் ஆக்டின் இழைகளில் ஒட்டி ஒளிரும் ஃபாலாய்டின் சாயம். பளிச்சென்று தெரிந்தால் 'ஆக்டின் வேகமாக வளர்கிறது' என்று முடிவுகட்ட வேண்டாம். இழைகளைப் பிரிக்கும் கோஃபிலின் புரதம் அவற்றைப் பிரிக்காமல் விட்டாலும் அதே பளபளப்புதான் வரும். சாயமிட வேதிப்பொருளால் அப்படியே உறையவைத்த செல் ஒரு புகைப்படம். வேகத்தைப் பார்க்க உயிருள்ள செல் வேண்டும்.

சட்டகம் என்றால் நகர்வு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற பரம்பரை நோயில், ஆக்டின் கட்டத் தூண்டும் வாஸ்ப் புரதம் பழுதாகிறது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத்தான் இது வரும்: ரத்தக்கசிவு, தோல் அழற்சி, திரும்பத் திரும்பத் தொற்று. டி செல் என்ற வெள்ளணு எதிரே உள்ள செல்லைச் சரியாகப் பற்றிக்கொண்டு நிற்பதற்கும் அதே ஆக்டின் வேண்டும்.