மனந்திரும்புதல்: அழுகையோடு நிறுத்திவிடாதீர்கள்

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலம் வந்தால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உபவாச ஜெபங்கள் தொடங்கிவிடும். பலர் முழங்காலில் நின்று மனமுருகி அழுவார்கள். அந்த அழுகை நல்லதுதான். ஆனால் அழுததோடு எல்லாம் முடிந்தது என்று எழுந்து போவது பெரிய தவறு. 2 கொரிந்தியர் 7:10இல் பவுல் இரண்டு வகைத் துக்கத்தைச் சொல்கிறார். ஒன்று மனந்திரும்பச் செய்யும், மற்றது மரணத்தில் கொண்டுபோய் விடும். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் துக்கப்பட்டான், அதற்கு வாங்கிய 30 வெள்ளிக்காசையும் திருப்பி எறிந்தான், ஆனால் இயேசுவிடம் திரும்பி வரவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு திரும்பி வந்தான். ஆகவே குற்ற உணர்ச்சியில் மாதக்கணக்காக ஊறிக் கிடப்பதையும் மனந்திரும்புதல் என்று எண்ணிவிட வேண்டாம்.

"ஆண்டவரே, நான் பெரிய பாவி" என்று மொத்தமாகச் சொல்லி முடிப்பது இன்னொரு தவறு. செய்ததைச் சொல்ல வேண்டும்: "சீட்டுக் காசில் 25,000 ரூபாயை எடுத்துச் செலவழித்தேன்." லூக்கா 3ஆம் அதிகாரத்தில் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டவர்களுக்கு யோவான் ஸ்நானகன் ஆளுக்கேற்ற பதிலைத்தான் கொடுத்தார். வரி வசூலிப்பவனிடம் கட்டளையிட்டதற்கு அதிகமாக வாங்காதே என்றார்; போர்ச்சேவகனிடம் யாரையும் மிரட்டாதே, சம்பளத்தில் திருப்தியாயிரு என்றார்.

அதிகம் பேர் தடுமாறுவது ஈடு செய்வதில்தான். கடவுளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, இனி மனிதரிடம் என்ன கணக்கு என்கிறார்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. எண்ணாகமம் 5:7இன்படி பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். அந்த 25,000 ரூபாய்க்கு 30,000. ஒரேயடியாக முடியாவிட்டால் மாதம் 5,000 வீதம் 6 மாதம் என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். "கையில் வரும்போது தருகிறேன்" என்ற பேச்சு பெரும்பாலும் அந்த வாசலோடு மறந்துபோகும். வரி வசூலிப்பவனான சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் (நான்கு மடங்காக) தருகிறேன் என்றான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் 20 கிலோவை 18 என்று எழுதியவர், அந்தப் பெண் இழந்த கூலி எவ்வளவு என்று கணக்குப் பார்த்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டால் அவளுக்குக் கிடைக்காது. அவள் கொழும்புக்குப் போயிருந்தால் தேடிக் கொடுக்கலாம், இறந்திருந்தால் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும். வாங்கிக்கொள்ள உறவு யாரும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனுக்கு என்கிறது எண்ணாகமம் 5:8. கத்தோலிக்கப் போதனையும் இதற்கு மாறானதல்ல: பாவசங்கீர்த்தனத்தில் பாவமன்னிப்புப் பெற்றவருக்கும் திருடியதைத் திருப்பித் தரும் கடமை அப்படியே இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கும்போது "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்காதீர்கள். அது குற்றத்தை எதிராளியின் மனதின்மேல் போடும் பேச்சு. "நான் பொய் சொன்னேன், அது தவறு" என்பதே போதும். உடனே மன்னிக்கச் சொல்லி நெருக்கவும் கூடாது. பல வருடம் அடி வாங்கிய மனைவியிடம் "போதகர் முன்னால் கையைக் கொடு" என்று வற்புறுத்துவது அவளுக்கு இன்னொரு அடி. அவள் கொஞ்சக் காலம் தாய் வீட்டில் இருக்க விரும்பினால் விட்டுவிடுங்கள். கை ஓங்காத மாதங்களை அவள் கண்ணால் பார்க்கட்டும்.

சாட்சி சொல்வதிலும் கவனம் வேண்டும். உங்கள் பாவத்தைச் சொல்லுங்கள், அதில் பங்கிருந்த மற்றவரை அடையாளம் காட்டாதீர்கள். காலையில் சபையில் சொன்னது மாலைக்குள் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) முழுக்கத் தெரிந்துவிடும்.

கடைசியாகக் குடி. ஜெபித்துவிட்டு, சம்பள நாளில் பழைய கூட்டாளிகளோடு பழைய பாதையிலேயே நடந்தால் கசிப்பு (கள்ளச்சாராயம்) விற்பவன் வாசலில்தான் கால் நிற்கும். அன்றைக்குச் சம்பளத்தை வீட்டாரிடம் ஒப்படைத்து, சபையில் ஒருவரைத் துணைக்குக் கூட்டி வேறு பாதையில் வாருங்கள். வருடக்கணக்காகத் தினமும் அதிகம் குடித்தவர் உபவாசத்தோடு சேர்த்துத் திடீரென்று நிறுத்தினால், முதல் 2, 3 நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பிசாசின் வேலை என்று சொல்லி அறையில் பூட்டி வைக்காமல், நிறுத்துவதற்கு முன்பே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வலிப்பு வந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.